அரசு வக்கீலாக வீட்டுவசதி வழக்குகளைப் பார்த்த வருடங்கள்: எனக்கு யாரும் சொல்லாதவை

குடியிருப்பு, ஆக்கிரமிப்பு, வீட்டுவசதிக்காக நிலம் எடுப்பது சம்பந்தமான வழக்குகளில் அரசுத் தரப்புக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் வக்கீலாகச் சில வருடங்கள் இருந்தேன். நியமன ஆணை வந்த அன்று சேம்பரில் சால்வை போட்டார்கள், இனிப்பு கொடுத்தார்கள். "இனி உனக்கென்னம்மா கவலை, கவர்ன்மென்ட் பிரீஃப் வந்துட்டே இருக்கும்" என்றார் என் சீனியர். பிரீஃப் வந்தது உண்மைதான். அதோடு சேர்ந்து என்னென்ன வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. முன்பே தெரிந்திருந்தாலும் அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பேன், ஆனால் அந்த நாட்களில் தனியாகக் கிடந்து அவ்வளவு தவித்திருக்க மாட்டேன். இப்போது அரசு பேனலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை, பொறுப்பு முடிந்த பிறகும் வெளியே சொல்லக் கூடாது. அரசு கட்சிக்காரர் என்றாலும் அதே விதிதான். அதனால் ஊர், அலுவலகம், ஆட்கள் பெயர் எதுவும் இதில் இருக்காது. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அரசு வக்கீல் என்றால் கோர்ட்டில் நின்று வாதாடுவது என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். வீட்டுவசதி விஷயத்தில் பாதிக்கு மேல் வேலை கோர்ட்டுக்கு வருவதற்கு முன்னால் நடக்கிறது. ஒரு ஃபைல் வரும். மேலே ஒரு பக்கக் கடிதம். "மேற்படி புல எண்ணில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றுவது குறித்துச் சட்டக் கருத்து வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." அவ்வளவுதான். நில வகைப்பாடு என்ன, எத்தனை குடும்பம், எவ்வளவு காலமாக இருக்கிறார்கள், யார் எப்போது நோட்டீஸ் கொடுத்தார்கள், ஒன்றும் இருக்காது. கடிதத்தின் கீழே மட்டும் சிவப்பு மையில் "மிக அவசரம்" என்று எழுதியிருக்கும். அந்த அவசரத்துக்கு மயங்கி உடனே கருத்து எழுதிக் கொடுக்கும் பழக்கம் வந்துவிட்டால், அதிலிருந்து மீள்வது கஷ்டம். நான் முதல் மாதத்திலேயே ஒரு கேள்விப் பட்டியல் தயார் செய்து வைத்துக்கொண்டேன். அ-பதிவேட்டு (நில வகைப்பாடு இருக்கும் கிராமப் பதிவேடு) நகல், புலப்படம், நகரமாக இருந்தால் டி.எஸ்.எல்.ஆர். என்ற நகர நில அளவைப் பதிவேடு, அடங்கல் என்ற கிராம நிலக் கணக்கு, இதுவரை கொடுத்த எல்லா நோட்டீஸும் அதன் சார்வு அத்தாட்சியும் (உரியவரிடம் சேர்த்ததற்கான சான்று), இதே புல எண்ணில் பழைய வழக்கு இருந்தால் அதன் தீர்ப்பு. இவை வந்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன் என்று எழுத்தில் பதில் அனுப்பிவிடுவேன். முதலில் எரிச்சல் பட்டார்கள். அப்புறம் அவர்களே இணைத்து அனுப்ப ஆரம்பித்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தை வெளியேற்ற ஒரே ஒரு சட்டம் இல்லை. சாதாரண அரசுப் புறம்போக்கு என்றால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். பொதுப்பணித் துறை வசம் இருந்த (2021-க்குப் பிறகு நீர்வளத் துறை) ஏரி என்றால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். அரசுக்கோ வீட்டுவசதி வாரியத்துக்கோ சொந்தமான கட்டடத்தில் உரிமை இல்லாமல் இருப்பவர் என்றால் 1975-ஆம் ஆண்டு பொது இடங்கள் சட்டம். குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடமாக இருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளே வந்துவிடும். ஒவ்வொன்றிலும் நோட்டீஸ் கொடுக்க வேண்டிய அதிகாரி வேறு, நடைமுறை வேறு, மேல்முறையீடு போகும் இடம் வேறு. கிராம நத்தத்தில் (ஊரார் குடியிருப்புக்கான நிலம்) வீடு கட்டிக் குடியிருப்பவரை 1905 சட்டத்தை வைத்துக் காலி செய்ய முடியாது என்று உயர் நீதிமன்றம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறது. ஆனாலும் நத்தத்தைப் புறம்போக்கு என்று எழுதிய ஃபைல்கள் வந்துகொண்டேதான் இருந்தன. வகைப்பாடு என்ற அந்த ஒரு பத்தியைப் பார்க்காமல் எழுதும் கருத்து, பல வருடமாக ஒரே இடத்தில் வாழ்ந்த குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிடும். இது எனக்கு வெறும் டெக்னிக்கல் விஷயமாக ஒருநாளும் தோன்றியதில்லை.

என்னை உலுக்கிய விவகாரம் ஒரு ஏரிக்கரைக் குடியிருப்பு சம்பந்தப்பட்டது. ஊராட்சிக் கட்டுப்பாட்டில் இருந்த ஏரி, அதனால் 1905 சட்டம். நீர்நிலை விஷயத்தில் சட்டம் கடுமையானது, அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கிலும் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவாக இருக்கிறது. குளம், பொது நிலம் இவற்றை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டாக வேண்டும், நீண்ட காலம் இருந்துவிட்டார்கள் என்பதற்காக வரன்முறைப்படுத்திக் கொடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் கரை உடைந்தால் முதலில் மூழ்குவதும் அதே வீடுகள்தான். ஆனால் 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும், நோட்டீஸ் கொடுத்துக் கேட்காமல் யாரையும் அப்புறப்படுத்துவது நியாயமான நடைமுறை ஆகாது என்று சொல்லியிருக்கிறது. இந்த இரண்டு வரிசைத் தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் வரிசை "அகற்றலாமா" என்ற கேள்விக்குப் பதில், இரண்டாவது "எப்படி அகற்ற வேண்டும்" என்பதற்குப் பதில். அரசு வக்கீலின் வேலை பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

ஃபைலில் 1905 சட்டத்தின் 7-வது பிரிவின் கீழ் எல்லாருக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, அடுத்து 6-வது பிரிவின் கீழ் வெளியேற்ற வேண்டியதுதான் என்று குறிப்பு இருந்தது. சார்வு நகல்களை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லா நகலின் பின்பக்கத்திலும் "பெற்றுக்கொள்ள மறுத்ததால் கதவில் ஒட்டப்பட்டது" என்று ஒரே கையெழுத்து, ஒரே நீல மை, வரி சாய்ந்திருப்பதுகூட ஒரே மாதிரி. சாட்சியாக எல்லாவற்றிலும் அதே இரண்டு பேர். ஒரு குடியிருப்பில் இருக்கும் அத்தனை வீட்டுக்காரர்களும் ஒரே நாளில் ஒரே மாதிரி மறுத்திருப்பார்களா? உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டு, இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். சர்வேயரையும் கிராம நிர்வாக அலுவலரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். தனியாகப் போகவே கூடாது. போன இடத்தில் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது. வழக்கு ஏற்கெனவே இருந்து அவர்களுக்கு வக்கீலும் இருந்தால் அவர்களிடம் வழக்கைப் பற்றிப் பேசவே கூடாது. திரும்பி வந்ததும் பார்த்ததை ஒரு பக்கக் குறிப்பாகத் தேதி போட்டு ஃபைலில் வைத்துவிட வேண்டும்.

அங்கே ஒரு பாட்டி மஞ்சள் பையிலிருந்து ரேஷன் கார்டு, கரண்ட் பில், ஊராட்சி போட்ட வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்துத் திண்ணையில் பரப்பினார். சட்டப்படி அதில் எதுவும் நிலத்துக்கு உரிமை கொடுக்காது என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "போக மாட்டோம்னு சொல்லலை வக்கீலம்மா. எங்க போறதுன்னு சொல்லிட்டு இடிக்கச் சொல்லுங்க. பேத்தி பத்தாவது எழுதுறா" என்றார். கதவில் ஒட்டிய நோட்டீஸ் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் அப்படி ஒன்று வந்ததாகச் சொல்லவில்லை. கதவைப் பார்த்தேன். தகரக் கதவு, பசை ஒட்டிய தடமே இல்லை.

திரும்பி வந்து கருத்து எழுதினேன். நிலம் நீர்நிலைதான், அகற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சார்வு அத்தாட்சி நீதிமன்றத்தில் நிற்காது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் புதிதாக நோட்டீஸ் கொடுத்து, படம் எடுத்து வைத்து, ஆட்சேபணையைக் கேட்டு, காரணத்தோடு உத்தரவு போட்டு, 10-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்ய அவகாசம் விட்டு, அப்புறம் அகற்றலாம். மாற்றுக் குடியிருப்புக்குத் தகுதி உள்ளவர்களின் பட்டியலைக் கூடவே தயார் செய்வது நல்லது. இரண்டு பக்கம்தான். கடைசியில் நான் பார்த்த ஆவணங்களின் பட்டியலையும் பார்க்காதவற்றின் பட்டியலையும் போட்டேன். இதை எல்லாக் கருத்திலும் செய்யுங்கள். நாளைக்கு வேறு ஆவணம் முளைத்தால், உங்கள் கருத்து எதை வைத்து எழுதப்பட்டது என்று காகிதமே பேசும்.

அந்தக் கருத்தை யாரும் மதிக்கவில்லை. அகற்றும் தேதி குறித்தார்கள், முதல் நாள் மாலை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், மறுநாள் காலையில் குடியிருப்புவாசிகள் உயர் நீதிமன்றத்தில் அவசர மனுவாக எடுத்தார்கள். மனு நகல் கைக்கு வந்தபோது கோர்ட் கூடும் நேரம் நெருங்கிவிட்டது. அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "எல்லாருக்கும் தனித்தனியா சர்வ் பண்ணியாச்சுன்னு சொல்லிடுங்க மேடம், மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றார் ஒரு அதிகாரி. அதை அப்படியே எனக்கு ஒரு வரி மெயிலாக அனுப்புங்கள் என்றேன். போன் வைக்கப்பட்டது, மெயில் வரவில்லை. வழக்கு கூப்பிட்டதும் நீதிபதி கேட்ட முதல் கேள்வியே அதுதான், தனித்தனியாக நோட்டீஸ் கொடுத்தீர்களா? ஆவணங்களைத் தாக்கல் செய்ய அவகாசம் வேண்டும், அதுவரை அகற்றும் நடவடிக்கை இருக்காது என்று பதிவு செய்துகொள்ளலாம் என்று சொன்னேன். அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லும்போது கை நடுங்கியது. என் கட்சிக்காரர் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. ஆனால் பொய் என்று காகிதத்திலேயே தெரியும் ஒன்றை நீதிமன்றத்தில் சொல்ல எந்தக் கட்சிக்காரருக்காகவும் வக்கீலுக்கு அனுமதி கிடையாது. அரசுக்காக நிற்பவருக்கு அது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அரசு வக்கீல் சொன்னால் உண்மையாக இருக்கும் என்று நம்பித்தான் நீதிபதி பல உத்தரவுகளைப் போடுகிறார்.

அன்று மாலையே புகார் போனது. அரசு நலனுக்கு எதிராகச் செயல்பட்டார், ஆக்கிரமிப்பாளர்களுக்குச் சாதகமாக நடந்துகொண்டார் என்று. என்னிடம் இருந்த அந்த அலுவலகத்தின் ஃபைல்கள் எல்லாம் வேறு வக்கீலுக்கு மாற்றப்பட்டன. எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு நான் அரசாங்கத்து ஆள், அரசாங்கத்துக்கு நான் எதிர்த்தரப்பு ஆள். வீட்டில் சொல்லலாமென்றால் விவரத்தைச் சொல்ல முடியாது, "ஆபீஸ்ல பிரச்சனை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வேன். தூக்கம் வராது. கோர்ட் வராந்தாவில் தெரிந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவதாகத் தோன்றும். அந்த மாதங்களில் என்னைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்றுதான், தேதி போட்ட என் கருத்தும், அலுவலகத்தின் தபால் பதிவு முத்திரை விழுந்த அதன் நகலும். மேலே விசாரணை என்று கூப்பிட்டபோது வேறு எதையும் நான் பேசவில்லை. அந்த நகலை மேஜைமேல் வைத்தேன். படித்தார்கள், அனுப்பிவிட்டார்கள். புதிதாக நோட்டீஸ் கொடுத்து ஆட்சேபணை கேட்பதாக அரசே சொல்லி வழக்கு முடிந்தது. நான் எழுதிய அதே வழியில்தான் பிறகு வேலை நடந்தது, பள்ளித் தேர்வுகளும் அதற்குள் முடிந்திருந்தன. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்றும் வலிக்கிறது.

எனவே போனில் வரும் தகவலை வைத்து நீதிமன்றத்தில் உறுதி சொல்லாதீர்கள். அவசரத்தில் வேறு வழியே இல்லை என்றால், போனை வைத்ததும் "நீங்கள் இப்போது சொன்னது இது, இதையே நீதிமன்றத்தில் தெரிவிக்கப் போகிறேன்" என்று நீங்களே மெயிலோ குறுஞ்செய்தியோ அனுப்பிவிடுங்கள். தவறான தகவல் கொடுத்தவர் அந்த வரியைப் பார்த்ததும் உடனே திருத்துவார், அனுபவத்தில் கண்டது. 2024 நவம்பர் 13 அன்று இடிப்பு நடவடிக்கைகள் பற்றி உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்கள் வந்த பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. பதிவுத் தபாலில் நோட்டீஸ், கட்டடத்திலும் ஒட்ட வேண்டும், 15 நாள் அவகாசம், மீறினால் அதிகாரி தன் கைப்பணத்தில் ஈடு செய்ய நேரிடும் என்று அதில் இருக்கிறது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களுக்கு அது பொருந்தாது என்றும் அதே தீர்ப்பில் விலக்கு இருப்பதால், "ஏரிக்கு நோட்டீஸே வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. அந்த வழிகாட்டுதலுக்கு விலக்கு இருந்தாலும், மாநிலச் சட்டம் கேட்கும் நோட்டீஸ் அப்படியேதான் இருக்கிறது.

நிலம் எடுப்பு ஃபைல்கள் இன்னொரு ரகம். வீட்டுவசதித் திட்டத்துக்காகப் பல வருடங்களுக்கு முன்பு 1894 நில எடுப்புச் சட்டத்தின் கீழ் எடுத்த நிலம், இழப்பீட்டைக் கோர்ட் உயர்த்தியிருக்கும், மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டு ஃபைல் மேஜை மேஜையாக நகரும். உயர்த்திய தொகைக்கு முதல் வருடம் 9 சதவீதம், அதன் பிறகு 15 சதவீதம் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கட்டாயமாக நிலத்தை எடுப்பதற்கான 30 சதவீத ஆறுதல் தொகை தனி. அந்தச் சுமை கடைசியில் இறுதி விலை என்ற பெயரில், அந்த மனையை வாங்கிய நடுத்தரக் குடும்பங்களின் தலையில்தான் போய் விழும். அவர்கள் தவணை கட்டி முடித்த பிறகும் பத்திரம் கிடைக்காமல் அலைவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மேல்முறையீட்டுக்குத் தகுதி இல்லாத தீர்ப்பை "தகுதி இல்லை, பணத்தைக் கட்டிவிடுங்கள்" என்று துணிந்து எழுத வேண்டும். எழுதினால் யாராவது சந்தேகப்படுவார்களோ என்று பயந்து எல்லாவற்றுக்கும் அப்பீல் போகச் சொல்லும் வக்கீல்கள் உண்டு. தாமதத்தை மன்னிக்கும் மனுவை அரசு என்பதற்காக ஏற்க முடியாது என்று 2012-இல் லிவிங் மீடியா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகல் மனு போட்ட தேதி, நகல் தயாரான தேதி, ஃபைல் உங்களிடம் வந்த தேதி, நீங்கள் திருப்பி அனுப்பிய தேதி, இந்த நாலையும் தனி நோட்டில் எழுதி வையுங்கள். தாமதத்துக்குக் காரணம் தேடும்போது முதலில் கை நீட்டுவது வக்கீலைத்தான்.

கருத்து எழுதும் நாளில் சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள். 1894 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2013 நில எடுப்புச் சட்டத்தின் 24(2) பிரிவில் பழைய நில எடுப்பு காலாவதி ஆகுமா என்ற கேள்விக்கு, 2014-இல் புனே மாநகராட்சி வழக்கின் தீர்ப்பு ஒரு பதில் சொன்னது. 2020 மார்ச் 6 அன்று இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதை மாற்றி, இழப்பீடும் கொடுக்கவில்லை, சுவாதீனமும் எடுக்கவில்லை என்ற இரண்டும் சேர்ந்திருந்தால்தான் காலாவதி என்றது. முன்பு எழுதிய கருத்துகளை வைத்துக்கொண்டு "நீங்கள் அன்று இப்படிச் சொன்னீர்களே" என்று கேட்டபோது, ஒவ்வொன்றிலும் எந்தத் தீர்ப்பைச் சார்ந்து எழுதினேன் என்ற வரி இருந்ததால் பிரச்சனை வரவில்லை.

இனி பணம். இதைப் பற்றிப் பேச எல்லாரும் கூச்சப்படுகிறார்கள், அதனால்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அரசுக்கு எதிராக ஆஜராக முடியாது என்பதால், என் பழைய கட்சிக்காரர்களில் பாதிப் பேரை ஆரம்பத்திலேயே விட வேண்டி வந்தது. பட்டா, மனை அங்கீகாரம், வாரிய ஒதுக்கீடு என்று வருபவர்கள்தான் என் சம்பாத்தியமே. அரசு ஃபீஸ் வழக்குக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை, அதுவும் பில் போட்டு, உத்தரவு நகல் இணைத்து, ஆஜரான சான்று வாங்கி, ஆட்சேபணைக் குறிப்பு வந்தால் பதில் சொல்லி, நிதி ஒதுக்கீடு வந்த பிறகுதான் கிடைக்கும். சட்டக் கருத்துக்குத் தனி ஃபீஸ் உண்டா என்பதே பல இடங்களில் இழுபறி. என் ஃபைல்களை மாற்றிய பிறகு பழைய பில்களைத் தேடி எடுக்கவும் ஆள் இல்லை. ஒரு கட்டத்தில் 6 லட்சம் ரூபாய்க்கு மேல் பாக்கி நின்றது. ஜூனியர்களுக்குச் சம்பளம், சேம்பர் வாடகை, வீட்டுக் கடன் தவணை எதுவும் நிற்கவில்லை. நகையை அடகு வைத்தேன், அதற்கும் வட்டி கட்டினேன்.

ஆகவே பொறுப்பை ஏற்கும் முன்பே ஒரு வருடச் செலவுக்காவது பணம் ஒதுக்கி வையுங்கள். அரசு சம்பந்தப்படாத வாடகை வழக்குகள், ரெரா (கட்டட, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) புகார்கள் போன்றவற்றை விட்டுவிடாதீர்கள். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த பிறகு அதில் வேலை நிறையவே இருக்கிறது. நிபந்தனை அனுமதிக்கிறதா என்று நியமன ஆணையைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உத்தரவு வந்த வாரமே பில் போடுங்கள், மாதக் கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று வைக்காதீர்கள். பில்லின் நகலில் தபால் பிரிவு முத்திரை இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். ஃபீஸில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தார்கள் என்றால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு வருடம் ஏறவே இல்லை, அதைச் சரிசெய்யத் தனியாக அலைந்தேன்.

2021-இல் ஆட்சி மாறியதும் என் பொறுப்பும் முடிந்தது. அது எதிர்பார்த்ததுதான், அரசு வக்கீல்கள் ஆட்சியோடு மாறுவது இங்கே வழக்கம். ஒப்படைக்கும்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் வழக்கு எண், அடுத்த வாய்தா, பதில் மனு நிலுவையா, இடைக்கால உத்தரவு இருக்கிறதா, கெடு எப்போது என்று ஒரு அட்டவணை போட்டு, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து வாங்கினேன். சில மாதம் கழித்து ஒரு நீதிமன்ற அவமதிப்பு வழக்கில், உத்தரவைப் பற்றி வக்கீல் எங்களுக்குத் தெரிவிக்கவே இல்லை என்று ஒரு அலுவலகம் பிரமாணம் போட்டபோது அந்த அட்டவணைதான் உதவியது. பாக்கி ஃபீஸில் பெரும் பகுதி பிறகு தவணை தவணையாக வந்தது. மீதிக்கு நினைவூட்டல் கடிதம் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் பழைய பில்லின் முத்திரை நகலை இணைத்து.